இடது காலின் படம்

எலிக்கு முடி எடுப்பதுதான் என் வேலையிலேயே கடினமான பகுதி என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை என்றதும் வெள்ளைக் கோட்டு, கண்ணாடிக் குழாய், பெரிய மூளை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அட போங்க! பெண்கள் கை கால் முடி எடுக்கக் கடையில் விற்கிறதே ஒரு கிரீம், அதை மயக்கத்தில் கிடக்கும் எலியின் பின்னங்கால்களில் தடவி, நிமிடம் எண்ணி, ஈரப் பஞ்சால் துடைக்க வேண்டும். அரை நிமிடம் தாண்டினால் தோல் சிவந்துவிடும். அவசரப்பட்டுத் துடைத்தால் முடி நின்று, பிறகு எடுக்கிற படத்தைக் கெடுக்கும். ஆவடி கடைத்தெருவில் மாதாமாதம் நாலு டப்பா வாங்குவேன். கடைக்காரர் டப்பாவைப் பார்ப்பார், என் கையைப் பார்ப்பார், முகத்தைப் பார்ப்பார். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். ஒருநாள் "எலிக்குங்க" என்று சொல்லியே விட்டேன். அதற்கப்புறம் அவர் என்னை நிமிர்ந்து பார்ப்பதையே நிறுத்திவிட்டார்.

எங்கள் கூடம் பூந்தமல்லிப் பக்கம். அண்ணனூரில் ரயில் ஏறி ஆவடி, ஆவடியிலிருந்து பூந்தமல்லி பஸ். நான் அங்கே டெக்னீஷியன். எங்கள் எலிகளுக்குப் பிறவியிலேயே தசை அழியும் நோய் உண்டு. என் தம்பிக்கும் அதே நோய். அதற்காகத்தான் இந்த வேலைக்குப் போனாயா என்று கேட்பவர்களிடம் ஆமாம் என்றும் சொல்லியிருக்கிறேன், இல்லை என்றும் சொல்லியிருக்கிறேன், ஆளைப் பொறுத்து. உண்மை ஆமாம்தான்.

சின்ன வயதில் அவன் கெண்டைக்கால் இரண்டும் உருண்டு திரண்டு கல்லு மாதிரி இருக்கும். தெருவே அவனை "பயில்வான்" என்றுதான் கூப்பிட்டது. எங்கள் நைனா, அதாவது அப்பா, மின்சார ரயில்களைப் பழுதுபார்க்கிற கார் ஷெட்டில் ஃபிட்டர். வேலைவிட்டு வந்ததும் பையனின் காலைத் தட்டிப் பார்த்துக்கொண்டு, "என் புள்ள காலப் பாரு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டுவார். அந்தப் பருமன்தான் நோய் என்று பிறகு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். தசை செத்துச் செத்து, அந்த இடத்தில் கொழுப்பும் தழும்பும் சேர்ந்து காலைப் பெரிதாகக் காட்டுகிறதாம். பதினோரு வயதில் அவனுக்கு நடை நின்றது. நான் சொல்லப் போகிற வருஷத்தில் பதினாறு வயது, பிளஸ் ஒன், சக்கர நாற்காலி. வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை.

தினம் காலையில் வேலைக்குக் கிளம்புமுன் அவன் பாதத்தைப் பிடித்து மேலே மடக்கி முப்பது எண்ணுவேன். செய்யாவிட்டால் தசைநார் இழுத்துக்கொண்டு பாதம் வளைந்துவிடும்.

"இன்னாக்கா, எலிங்களுக்கும் இப்டி கால் புட்சி உடுவியா?"

"எலி உன்ன மாதிரி வாயடிக்காது. பேசாம கெட."

"எலிக்கு மட்டும் ஊசி போடுற. எனக்கு எப்போ?"

எண்ணிக்கையை விட்ட இடத்திலிருந்து சத்தமாக எண்ணுவேன்.

எங்கள் வேலையை அவனுக்குப் புரியவைக்க எனக்கு ஒரே ஒரு காலைநேரம்தான் பிடித்தது. அவன் உடம்பில் ஒரு மரபணு கெட்டுப்போயிருக்கிறது. நல்லதைத் தசைக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். கொண்டுபோவதற்கு, நோய் உண்டாக்காதபடி உள்ளே காலி செய்த ஒரு வைரஸ் இருக்கிறது. ஆனால் அது தசைக்குள் போனதா, வழியிலேயே தொலைந்ததா என்று எப்படிப் பார்ப்பது? அதனால் முதலில் மருந்து மரபணுவை வைக்காமல், ஜெல்லி மீனிலிருந்து எடுத்த ஒரு மரபணுவை வைத்து அனுப்புவோம். அது போய்ச் சேர்ந்த தசை ஒரு புரதத்தைச் செய்யும். நீல வெளிச்சம் போட்டால் அந்தப் புரதம் பச்சையாக ஒளிரும். எலியைக் கொல்ல வேண்டியதில்லை. மயக்கம் கொடுத்து, இருட்டுப் பெட்டிக்குள் படுக்கவைத்து, தோலுக்கு மேலிருந்தே வாராவாரம் படம் எடுக்கலாம்.

"கொரியர்காரன் ஊட்டாண்ட வந்து பார்சலு குட்த்தானா இல்லியான்னு பாக்கணும். அதுக்கு பார்சலுக்குள்ள ஒரு பல்பு வெச்சி அனுப்புறீங்க. அவ்ளோதான?" என்றான்.

அவ்வளவுதான். எங்கள் கூடத்துத் தலைவி, நாங்கள் மேடம் என்று கூப்பிடுவோம், வருகிற பெரிய மனிதர்களுக்கு அரைமணி நேரம் படம் போட்டு விளக்குவதும் இதைத்தான்.

அந்த வேலையில் தலைகீழாக நின்றாலும் மாற்றக்கூடாத ஒரு வழக்கம் உண்டு. வலது காலில் வைரஸ் ஊசி, இடது காலில் வெறும் உப்புத் தண்ணீர் ஊசி. படம் எடுக்கும்போது இரண்டு காலையும் ஒரே வெளிச்சத்தில், கேமராவில் ஒரே அளவு வைத்து எடுக்க வேண்டும். இடது கால் இருட்டாக இருந்தால்தான் வலது காலின் பச்சைக்கு மதிப்பு. புதிதாக வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதே நான்தான். மறந்தால் கத்துவேன். என் கத்தலுக்குப் பயந்து ஒரு பெண் பாத்ரூமில் போய் அழுதிருக்கிறாள்.

அந்த வருஷம் ஆனி மாதத்தில் தம்பியின் முதுகு வளைய ஆரம்பித்துவிட்டது. உட்கார்ந்தால் ஒருபக்கம் சாய்ந்தான். ஆஸ்பத்திரியில் டாக்டர் படத்தைக் காட்டித் தெளிவாகச் சொன்னார். முதுகெலும்பை நிமிர்த்திக் கம்பி வைக்க வேண்டும், அதையும் இப்போதே செய்ய வேண்டும். ஊதிப் பார்க்கிற மூச்சுப் பரிசோதனையில் இன்று நன்றாக ஊதுகிறான். அது குறைந்துவிட்டால் அவ்வளவு நேரம் மயக்கம் தாங்க மாட்டான், அப்புறம் எந்த டாக்டரும் தொட மாட்டார். ஆவணியில் தேதி கொடுத்தார். தம்பிக்கு முகம் வெளுத்துவிட்டது. அம்மா அவனுக்கு மேலே பயந்தாள். "முதுக கீறி கம்பி வெக்கறதுன்னா இன்னாடி வெளையாட்டா?" என்று என்னிடம் வந்து நின்றாள். நான்தான் வீட்டில் கத்தி, சண்டை போட்டு, இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்து சம்மதிக்கவைத்தேன். அது என் வாழ்க்கையில் நான் செய்த நல்ல காரியங்களில் ஒன்று. அதையும் நானே கெடுத்தேன்.

ஆடி பிறந்த வாரம். ஊசி போட்டு இருபது நாளான எலியைப் பெட்டிக்குள் வைத்தேன். வலது காலைக் காட்டி ஒரு படம் எடுத்தேன். அதற்குள் எலிக்கு மீசை துடிக்க ஆரம்பித்துவிட்டது. மயக்க வாயு சிலிண்டர் தீர்ந்துபோயிருந்தது. இனி ஒரு நிமிடம் விட்டால் எழுந்து ஓடும். அவசரமாக எடுத்துக் கூண்டில் விட்டேன். இடது காலை நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று திரையைப் பார்த்தேன். பச்சை! கெண்டைக்கால் முழுக்கப் பச்சை. பழைய கோப்பைத் திறந்து ஊசி போடாத எலியின் படத்தைப் பக்கத்தில் வைத்தேன். அது கும்மிருட்டு. அந்தப் பழைய எலி நோயில்லாத எலி என்பது எனக்குத் தெரியும். கேமரா தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்ளும்படி அன்றைக்கு விட்டிருந்ததும் தெரியும். தெரிந்து என்ன? அந்த நேரத்தில் என் கண்ணுக்குப் பச்சை மட்டும்தான் தெரிந்தது. நாற்காலியில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதேன். பிறகு உள்ளே கொண்டுபோகவே கூடாத போனை எடுத்துத் திரையைப் படம் பிடித்தேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் தம்பியிடம் காட்டினேன். அவன் போனை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தான்.

"இது நம்ம எலியா? எனுக்கு கீற அதே நோவு கீற எலியா?"

"அதேதான்."

"உள்ள பூந்துடுச்சா?"

"பூந்துடுச்சிடா."

"ஐயோ அக்கா!" என்று கத்தினான். அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். நைனா கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஒன்றும் புரியாமலே அவருக்குக் கண் கலங்கியது. "இது மருந்து இல்லடா, வழி இருக்குதான்னு பாக்கற சாயம்தான்" என்று நான் சொன்னேன். சொன்னது உண்மை. ஆனால் எப்படிச் சொன்னேன்? சிரித்துக்கொண்டே, பல் முப்பத்திரண்டும் தெரியச் சொன்னேன்.

"எனுக்கு தெரியாதா? ரூட்டு கிளியராய்ச்சில்ல, அடுத்த வண்டில மருந்து வரும்" என்றான் தம்பி. "எப்போக்கா வரும்?"

எலியில் சரியாக வந்தாலும் மனிதனுக்கு வர எத்தனையோ வருஷம் ஆகும், பாதியில் நின்றும் போகும் என்று எனக்குத் தெரியும். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் அதைச் சொல்ல முடியவில்லை. "சீக்கிரம் வரும்டா" என்றேன்.

இந்த நோய் இருக்கிற பிள்ளைகளின் வீட்டுக்காரர்களுக்கென்று ஒரு வாட்ஸப் குழு உண்டு. அதில் யாரோ, முதுகில் கம்பி வைத்தவர்களைப் புது மருந்துச் சோதனைக்குச் சேர்த்துக்கொள்ள மாட்டார்களாம் என்று போட்டிருந்தார்கள். யார் சொன்னது, எந்தச் சோதனை, ஒன்றும் கிடையாது. தம்பி அதைப் பிடித்துக்கொண்டான். மருந்து வந்தால் முதுகு தானாக நிமிரும், கம்பி வைத்து அந்த வாய்ப்பை ஏன் கெடுத்துக்கொள்வது என்றான். அம்மாவுக்கு உயிர் வந்த மாதிரி ஆகிவிட்டது. ஆடிக் கடைசி வெள்ளியில் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினாள். நைனா ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, கொஞ்ச நாள் கழித்து வருகிறோம் என்று சொல்லிவிட்டார். அந்தத் தேதி வேறொரு பிள்ளைக்குப் போய்விட்டது.

நான் எங்கே இருந்தேன்? வீட்டுக் கூடத்தில், நைனாவுக்கு எதிரேதான் நின்றுகொண்டிருந்தேன். "இப்பவே நிறுத்தணுமா நைனா?" என்று ஒருதரம் கேட்டேன். முன்பு இரண்டு நாள் பட்டினி கிடந்தவள், அன்றைக்கு அந்த ஒரு கேள்வியோடு நிறுத்திக்கொண்டேன். வீட்டில் எல்லோரும் அப்படிச் சிரித்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. அந்தச் சிரிப்பு எனக்கும் வேண்டியிருந்தது.

மேடம் அந்த நாட்களில் வெளியூர் போயிருந்தார். வந்தவர் படங்களைத் திரையில் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்து நின்றார்.

"இடது கால் எங்கம்மா?"

நான் எடுக்கவில்லை. நாளைக்கு நாளைக்கு என்று விட்டு, பிறகு எடுக்கவே தோன்றவில்லை. பச்சைதான் கிடைத்துவிட்டதே! மேடம் பக்கத்திலேயே நிற்க, அதே எலியை எடுத்து மயக்கம் கொடுத்து, கேமராவை அன்றைக்கு விட்டிருந்தபடியே வைத்து இடது காலைப் படம் எடுத்தேன். உப்புத் தண்ணீர் மட்டும் போன கால். அதுவும் பச்சை. அதே அளவு பச்சை. பிறகு ஊசியே போடாத, நோய் மட்டும் இருக்கிற இன்னொரு எலியை எடுத்தேன். அதுவும் பச்சை.

அழிந்துபோகிற தசையும் தழும்பும் நீல வெளிச்சத்தில் தாமாகவே கொஞ்சம் பச்சையாக மினுங்கும். அந்தத் துளி வெளிச்சத்தைக் கேமரா ஊதிப் பெரிதாக்கிக் காட்டியிருக்கிறது. வைரஸ் போய்ச் சேர்ந்ததற்கு அதில் ஒரு அடையாளமும் இல்லை. நான் வீட்டில் காட்டிச் சந்தோஷப்பட்டது, செத்துக்கொண்டிருக்கிற தசையின் படம்.

"பரவாயில்ல, எல்லாருக்கும் ஒருதரம் நடக்கிறதுதான். நல்லவேளை, இதை வெளியில யாருக்கும் காட்டலையே?" என்றார் மேடம்.

"இல்ல மேடம்" என்றேன்.

அன்றைக்கு ஆவணி. ஆபரேஷன் தேதி தாண்டி ஒன்பது நாள் ஆகியிருந்தது. அன்றைக்கே வீட்டுக்குப் போய், "டேய், நான் பார்த்தது தப்பு, மறுபடி தேதி வாங்கலாம்" என்று சொல்லியிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். இரண்டு மாதம் தள்ளித் தேதி கிடைத்திருக்கும். நான் சொல்லவில்லை. அன்றைக்கு அவனுக்குப் பரீட்சை மார்க் வந்திருந்தது, சொல்லவில்லை. மறுநாள் நைனாவுக்கு ஜுரம், சொல்லவில்லை. அப்புறம் தீபாவளிக்கு அம்மா அவனுக்குச் சட்டை எடுத்தாள், கொஞ்சம் பெரிதாகவே எடுத்தாள். உடம்பு தேறினால் பத்தாமல் போய்விடுமாம். அதைப் பார்த்த பிறகு எந்த வாயால் சொல்வேன்? என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. ஆராய்ச்சிக்கூடத்தில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன்.

மழை பிடித்துக்கொண்டது. தெருவில் முழங்கால் தண்ணீர். அவனுக்குச் சளி பிடித்து நெஞ்சில் இறங்கி, ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். திரும்பி வந்தபோது ஒரு வாக்கியத்தை முடிக்க நடுவில் ஒருதரம் மூச்சு வாங்கினான்.

அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. கார்த்திகைக் கடைசியில் ஒரு ஞாயிறு, அம்மாவும் நைனாவும் வேப்பம்பட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். அவன் பாதத்தைப் பிடித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். இடது கால், கேமரா, மேடம் கேட்டது, நான் பொய் சொன்னது.

கேட்டு முடித்து, "எப்போ தெர்ஞ்சிது உனுக்கு?" என்றான்.

"ஆவணில. தேதி போயி ஒம்பது நாளு கழிச்சி."

"இது இன்னா மாசம்?"

நான் குனிந்து அவன் பாதத்தை மறுபடி மடக்கினேன்.

"கேக்கறேன்ல, இன்னா மாசம்?"

"கார்த்திக."

"காலு மேலேர்ந்து கைய எடு" என்றான். எடுத்தேன். "வெளிய போ. உன் மூஞ்ச பாக்க புடிக்கல. மூணு மாசமா டெய்லி என் கால புட்சிகினே, என் மூஞ்ச பாத்துகினே கீற. உன்னால எப்டி முடிஞ்சிது?" அவனுக்கு மூச்சு வாங்கியது. கத்தவும் முடியவில்லை அவனால். அதுதான் எனக்கு மிகவும் வலித்தது. நாலு நாள் என்னைத் தொடவிடவில்லை. அம்மா காலைப் பிடித்துவிட்டாள். அவளுக்கு எவ்வளவு மடக்க வேண்டும் என்று தெரியாது. ஐந்தாம் நாள் காலை நான் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது, "காலு இஸ்துகிச்சி. வந்து புடி" என்றான். பிடித்தேன். முப்பது எண்ணி முடித்ததும், "நைனாவாண்ட சொல்லிட்டேன். ஆபரேசன் பண்ணிக்கறேன்னு" என்றான்.

அடுத்த வாரம் நாலு பேரும் போனோம். மூன்று தரம் ஊதச் சொன்னார்கள். மூன்றாவது தரம் அவன் கழுத்து நரம்பெல்லாம் புடைக்க ஊதினான். டாக்டர் பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இனிமே செய்ய முடியாதும்மா. மயக்கத்துலேர்ந்து எழுப்ப முடியாமப் போயிடும்" என்றார்.

"ஆவணிலயே வந்திருந்தா, சார்?" என்று அம்மா கேட்டாள்.

"அப்போ செஞ்சிருக்கலாம். ஏன் வரல?"

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். "இவ வேல செய்ற எடத்துல ஏதோ மருந்து வருதுன்னு..." என்று ஆரம்பித்தாள். டாக்டரும் என்னைப் பார்த்தார். நான் நாற்காலியின் பின்னால், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொல்லிவிடலாம் என்று மூச்சை இழுத்தேன்.

"அது இல்ல சார்" என்றான் தம்பி. "முதுக கீறுவாங்கன்னு நான் பயந்துகினேன். மருந்து கிருந்துன்னு சொன்னதெல்லாம் சும்மா ஒரு சாக்கு. அக்கா அன்னிக்கே என்னாண்ட தனியா சொல்லிச்சி, இது மருந்து இல்ல, நீ போயி ஆபரேசன் பண்ணிக்கோன்னு. நான்தான் இவங்களாண்ட சொல்லல." நடுவில் இரண்டு தரம் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னான். என்னைத் திரும்பிப் பார்க்க அவன் கழுத்து திரும்பாது. நைனா தலையில் கைவைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

இப்போது அவனால் நேராக உட்கார முடியாது. கடைசி விலா எலும்பு இடுப்பெலும்பில் போய் இடிக்கிறது. மத்தியான நேரத்தில் வலி அதிகம். அம்மா முதுகைத் தேய்த்துவிட்டுக்கொண்டே அழுவாள். அழுதுகொண்டே திட்டுவாள். "அன்னிக்கே பண்ணிகினு இருந்தா இன்னிக்கி இந்த கதி உண்டாடா? அக்கா தலப்பாடா அட்ச்சிகினாளே, கேட்டியா?"

"கேக்கல. தப்புதாம்மா" என்பான்.

ஒருநாள் அம்மா கடைக்குப் போயிருந்தபோது அவன் காலடியில் உட்கார்ந்து அழுதேன். "என்னால முடியலடா. அம்மாகிட்ட சொல்லிடறேன்" என்றேன்.

"சொல்லிட்டு?" என்றான். "அப்புறம் அம்மா உன்னாண்ட பேசுமா? நான் போய்ட்டா அதுக்கு உன்ன வுட்டா யாரு கீறா?"

நேற்று மத்தியானமும் அம்மா திட்டினாள். "தப்புதாம்மா" என்றான். நான் அவன் முதுகுக்குத் தலையணை எடுத்து வைத்தேன்.